இசைத்தட்டுக்குப் பின்னால் ஒரு சிங்கம்

ஒரு கலையை உயிராக நேசிக்கும் ஒருவருக்கு அக்கலையை நிகழ்த்தும் ஆற்றல் இல்லாமல் போனால், அவர் அக்கலைக்கு என்ன செய்ய முடியும்? கைதட்டுவதோடு அவருடைய பங்கு முடிந்துவிடுகிறதா? இக்கேள்வியை என்னுள் விதைத்தது, 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இட் மஸ்ட் ஷ்விங்’ எனும் ஆவணப்படம். நியூயார்க்கில் தோன்றிய புளூ நோட் எனும் ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் கதை அது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த ஆல்ஃபிரட் லயன் என்பவரின் வாழ்க்கையைச் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்ப்பள்ளியில் பயின்ற ஆறு ஆண்டுகளில் நான் அறிந்த இசை உறுமி மேளமும் திரைப்பாடலும்தான். தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் சபைகூடலின்போது பேண்டு குழுவினரின் டிரம்பெட் ஓசை காதில் விழும். ஜாஸ் எனக்கு முற்றிலும் புதிது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்த இசை அது. வாசிப்பவர் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அந்த நொடியில் மனத்தில் தோன்றுவதை வாசித்துச் செல்வார். அதே வாசிப்பு மறுநாள் திரும்பி வராது. பதிவு செய்யாவிட்டால் காற்றோடு போய்விடும். ஆகவே, ஜாஸ் உலகில் பதிவு செய்பவரின் பொறுப்பு மிகப் பெரிது.

ஆல்ஃபிரட் லயன் 1908ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். பதின்ம வயதில், அந்நகருக்கு வந்திருந்த சாம் வுடிங்கின் கறுப்பின இசைக்குழுவைக் கேட்டார். அன்று பற்றிய தீ இறுதிவரை அணையவில்லை. 1920களிலேயே நியூயார்க்குக்குக் கப்பலேறினார். துறைமுகத்தில் கூலி வேலை செய்தார், பூங்காவில் உறங்கினார், கிடைத்த காசில் இசைத்தட்டு வாங்கினார். குடியேறிகளை வெறுத்த ஒருவன் தாக்கியதால் மருத்துவமனையில் கிடந்து, பெர்லினுக்கே திரும்ப நேர்ந்தது. பின்னர் ஜெர்மனி ஹிட்லரின் பிடிக்குள் சென்றது. யூதர்களுக்கு அங்கு வாழ்வில்லை. 1930களின் பிற்பகுதியில் லயன் மீண்டும் நியூயார்க்கில் இருந்தார்.

1938 டிசம்பர் 23ஆம் நாள், கார்னகி அரங்கில் ஆல்பர்ட் அமன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் என்ற இரு பியானோ கலைஞர்களைக் கேட்டார். இரண்டே வாரங்களில், 1939 ஜனவரி 6ஆம் நாள், வாடகை ஒலிப்பதிவுக் கூடத்தில் அவ்விருவரையும் அமர வைத்துப் பதிவு செய்தார். அவருக்கு ஒலிப்பதிவும் தெரியாது, வாணிகமும் தெரியாது. மேக்ஸ் மார்குலிஸ் எனும் எழுத்தாளர் பணம் கொடுத்து உதவினார். இப்படித்தான் புளூ நோட் பிறந்தது. அவ்வாண்டின் இறுதியில், பெர்லின் நண்பரான நிழற்படக் கலைஞர் பிரான்சிஸ் வோல்ஃப் நாஜிகளிடமிருந்து தப்பி வந்து அவரோடு இணைந்தார். இன வெறுப்பால் விரட்டப்பட்ட இருவர், இன ஒதுக்கலுக்கு ஆளான கலைஞர்களுக்குத் தோள் கொடுத்தனர்!

அக்கால வழக்கப்படி, சிறு நிறுவனங்கள் இசைஞர்களை நேராகப் பதிவுக்கூடத்துக்கு அழைத்துவந்து விரைவாகப் பதிவை முடித்துவிடும். லயனோ ஒத்திகைக்கும் ஊதியம் கொடுத்தார். உணவும் பானமும் வாங்கி வைத்தார். பெயரில் மட்டுமன்றிச் செயலிலும் அவர் சிங்கமே. இசையில் தாளத்தின் துள்ளல் இருக்கிறதா என்பதே அவர் பார்த்த ஒரே அளவுகோல். அதனைக் குறிக்கும் ‘ஸ்விங்’ என்ற சொல் அவருடைய ஜெர்மானிய நாவில் ‘ஷ்விங்’ என்றே வரும். படத்தின் தலைப்பு அதிலிருந்து வந்ததே. அன்று யாரும் படம்பிடிக்காத காட்சிகளை இயக்குநர் எரிக் ஃபிரீட்லர் அசைவூட்டச் சித்திரங்களாகக் காட்டியிருப்பது நான் மிகவும் இரசித்த ஒன்று.

என் மனத்தைத் தொட்டது தெலோனியஸ் மங்க் பற்றிய பகுதி. அவருடைய பியானோ அன்றைய காதுகளுக்குக் கரடுமுரடாக ஒலித்தது. லயன் 1947இல் அவரைப் பதிவு செய்தார். தட்டுகள் விலைபோகவில்லை. ஆயினும் 1952 வரை விடாமல் பதிவு செய்தார். 1964இல் அதே மங்கின் முகம் ‘டைம்’ ஏட்டின் அட்டையை அலங்கரித்தது. அப்பொழுது அவர் வேறு நிறுவனத்தின் கலைஞர்!

லயனிடம் ஆள் அறியும் கண் இருந்தது. கண் பரிசோதகராகத் தொழில் செய்துகொண்டே பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் ஒலிப்பதிவு செய்துவந்த ரூடி வான் கெல்டரை 1953 முதல் பயன்படுத்தினார். ரீட் மைல்ஸ் ஏறக்குறைய 500 அட்டைகளை வடிவமைத்தார். மைல்ஸ் ஜாஸ் இரசிகரல்லர். லயன் இசையை விவரித்துச் சொல்ல, வோல்ஃபின் நிழற்படங்களைக் கொண்டு அவர் அட்டையை அமைப்பார். அவ்வட்டைகளை உலகம் இன்றும் கொண்டாடுகிறது.

நலிவும் வெற்றியின் வழியாகவே வந்தது. லீ மோர்கனின் ‘தி சைட்விண்டர்’ 1964இல் எதிர்பாராமல் விற்றுத் தீர்ந்தது. முதலில் அச்சிட்டவை 4,000 தட்டுகளே. அடுத்த தட்டும் அப்படியே விற்க வேண்டும் என விநியோகிப்பாளர்கள் நெருக்கினர். விலைபோகாத மங்கை ஐந்தாண்டு தாங்கிய மனிதரால் இந்த நெருக்குதலைத் தாங்க முடியவில்லை. இதயமும் நலிந்தது. 1960களின் நடுவில் நிறுவனத்தை லிபர்ட்டி நிறுவனத்திடம் விற்றார். 1967இல் ஓய்வுபெற்று மெக்சிகோ சென்றார். வோல்ஃப் 1971இல் மறையும்வரை பணியைத் தொடர்ந்தார். பழைய இசைஞர்கள் பலருக்கு லயன் எங்கிருக்கிறார் என்றே தெரியவில்லை. 1985இல் புளூ நோட் புத்துயிர் பெற்றபோது நியூயார்க் டவுன் அரங்கில் நடந்த விழாவுக்கு வந்தார். 1986இல் ஜப்பானின் புஜி மலை இசைவிழா இரசிகர்கள் அவரை வரவேற்றனர். 1987 பிப்ரவரி 2ஆம் நாள் காலமானார்.

நண்பர்களே, எனக்குப் பாட வராது, ஆடவும் வராது. நம் கலைவிழாக்களில் நாற்காலி அடுக்குவதும் ஒலிபெருக்கிக் கம்பி இழுப்பதும்தான் என் வேலை. லயனை அறிந்தபின் அவ்வேலையில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். ஒத்திகை நடக்கும் இரவுகளில் இறுதிவரை அமர்ந்து கேட்கிறேன். பாடுபவர்களுக்குத் தேநீர் வாங்கி வருகிறேன். இன்று யாரும் பொருட்படுத்தாத ஒரு குரல் நம்மிடையே இருக்கக்கூடும். அதனை முதலில் கேட்கும் காது நம்முடையதாக இருக்கட்டும்!