பத்துமலை கண்ட பெருந்தகை தம்புசாமிப் பிள்ளை

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்புத் தேடிப் புறப்படும் ஏழை மகன் தன்னோடு கொண்டுசெல்லும் உடைமைகள் சிலவே. மாற்று உடை ஒன்று, வழிச்செலவுக்குரிய சிறு பொருள், தாயிடம் கற்ற மொழி, வழிவழியாக வணங்கிய தெய்வத்தின் திருப்பெயர் ஆகிய இவையே அவனுடைய செல்வம். இவற்றுள் முதலிரண்டும் வழியிலேயே தீர்ந்துவிடும். பின்னிரண்டும் சென்ற இடத்தில் நிலைபெற வேண்டுமாயின், பலரும் ஒருங்கு கூடும் ஓர் இடம் வேண்டும். அவ்விடமே திருக்கோயில்.

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த பொட்டிப்புரம் முதலிய கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. போடிமெட்டு, கம்பமெட்டு வழிகளாக மலையேறி, ஏலத் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்த தலைமுறைகள் இங்கே பல. சென்ற இடமெல்லாம் அவர்கள் மாரியம்மனையும் முருகனையும் உடன்கொண்டு சென்றனர். மலை கடந்த மக்கள் செய்த இத்தொண்டினையே கடல் கடந்த நாட்டில் பெரிய அளவிற் செய்து புகழ்பெற்றவர் ஒருவர். மலாய் நாட்டுக் கோலாலம்பூரில் வாழ்ந்த தம்புசாமிப் பிள்ளையே அப்பெருந்தகை.

அவர் 1850-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிற் பிறந்தார். தந்தையார் பெயர் காயாரோகணம் பிள்ளை. அது நாகைக் காரோணத்தில் எழுந்தருளியுள்ள சிவபெருமானின் திருநாமம். அந்நாளில் மலாய் நாட்டிற்குச் சென்ற தமிழர் பலர் கப்பலேறிய துறைமுகமும் அந்த நாகப்பட்டினமே. தமிழ்நாட்டிற் பிறவாத மைந்தர் தந்தையின் பெயரிலேயே தமிழ்நாட்டுத் திருத்தலம் ஒன்றைத் தாங்கி வளர்ந்தார். சிங்கப்பூர் இராபிள்ஸ் கல்விநிலையத்தில் ஆங்கிலக் கல்வி பெற்று, டேவிட்சன் என்னும் வழக்கறிஞரிடம் எழுத்தராக அமர்ந்தார். 1875-இல் டேவிட்சன் சிலாங்கூர் அரசின் ரெசிடெண்டாக நியமனம் பெற்றபோது, தம்புசாமியாரையும் உடனழைத்துச் சென்றார்.

அந்நாளைய கோலாலம்பூர் ஈயச் சுரங்கத் தொழிலாளர் நிரம்பிய சிற்றூராகவே இருந்தது. அங்கே அரசாங்கக் கருவூலத்திற் பணியாற்றிய பிள்ளையவர்கள் தம் நேர்மையாலும் திறமையாலும் படிப்படியாக உயர்ந்து, கருவூல அதிகாரிப் பொறுப்பையும் தற்காலிகமாக வகித்தார். பின்னர்த் தொழில்துறையில் இறங்கி, சீனப் பெருவணிகராகிய லோக் இயூவுடன் கூட்டுச் சேர்ந்து, இரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார். சுரங்கத்து நீரை இறைக்க மின்சாரப் பொறியை அந்நாட்டில் முதன்முதற் கையாண்ட முயற்சிகளுள் அவர்களுடையதும் ஒன்று. கோலாலம்பூரில் 1893-இல் தோன்றிய விக்டோரியா கல்விச்சாலையின் நிறுவனர்களுள்ளும் அவர் ஒருவர். சாதியும் சமயமும் மொழியும் வேறாகிய பிள்ளைகள் ஒரே பள்ளியிற் பயில்வதற்குத் தமிழர், சீனர், ஆங்கிலேயர் ஆகியோர் கூடிப் பொருளுதவிய அறப்பணி அது.

பொருளும் பதவியும் பெற்றவர் அக்காலத்திலும் பலர் இருந்தனர். பிள்ளையவர்களின் பெயர் இன்றும் நிற்பதற்குக் காரணம் வேறு. இருப்புப் பாதை அமைக்கவும், சாலை போடவும், காப்பி, கரும்புத் தோட்டங்களில் உழைக்கவும் தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் அந்நாடு சென்றனர். ஒப்பந்தக் கடனும் காய்ச்சலும் அவர்களை வாட்டின. ஒரு தோட்டத்தில் இருந்தவனுக்கு அடுத்த தோட்டத்தில் இருந்த உறவினனின் நிலை தெரியாது. ஊர் திரும்பும் நாளும் நிச்சயமில்லை. அரசுக்கும் செல்வருக்கும் அணுக்கராய் இருந்த பிள்ளையவர்கள், தம் மொழி பேசும் இவ்வெளிய மக்களையும் மறவாதிருந்தார்.

அவர் முதலில் எடுத்த பணி மாரியம்மன் திருக்கோயில். குடும்ப வழிபாட்டிற்கென அமைந்த சிறிய சந்நிதி 1885-இல் இன்றைய இடத்திற்கு மாற்றப்பட்டது. கீற்றுக் கொட்டகையாக இருந்த அக்கோயில் 1887-இற் செங்கற் கட்டடமாயிற்று. கோலாலம்பூரின் நடுவே, சீனர் கடைகளுக்கிடையே, தமிழ் மக்களின் தாய்வீடாக அது விளங்கலாயிற்று.

இரண்டாவது பணியே அவருடைய பெயரை உலகறியச் செய்தது. நகருக்கு வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் சுண்ணாம்புக் கற்குன்று ஒன்று செங்குத்தாக நிற்கிறது. அதனுள் பெருங்குகைகள் உள. நெடுங்காலம் தெமுவான் என்னும் பழங்குடியினர் அவற்றில் தங்கிவந்தனர். 1878-இல் ஹார்னடே என்னும் அமெரிக்க இயற்கை அறிஞர் எழுதிய பின்னர் அக்குகைகள் வெளியுலகில் அறிமுகமாயின. குகை வாயிலை மற்றையோர் கல்லாகவே கண்டனர். தம்புசாமியாரோ அவ்வாயிலின் வடிவில் வேலவன் திருக்கை வேலைக் கண்டார். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே முருகப்பெருமான் திருவுருவம் நிறுவப்பெற்றது. 1892 முதல் தைப்பூசத் திருவிழா நடைபெறத் தொடங்கிற்று. சுருளி மலைக் குகையில் வேலப்பரை வழிபடும் இப்பள்ளத்தாக்கு மக்களுக்கு, குகையினுள் குமரனைக் கண்ட அப்பெரியாரின் உள்ளம் எளிதில் விளங்கும்.

மலாய் மொழியிற் கல்லைக் குறிக்கும் பத்து என்னுஞ் சொல் தமிழ் மக்கள் நாவில் எண்ணுப் பெயராகவே நின்றுவிட்டது. ஆறுபடை வீடுகளோடு ஈப்போவின் கல்லுமலை, பினாங்கின் தண்ணீர்மலை, மலாக்காவின் சன்னாசிமலை ஆகியவற்றைச் சேர்த்து, இதனைப் பத்தாம் வீடாகப் போற்றுவர் அன்பர். பெயரொன்றைத் தமதாக்கிக் கொள்வதனாலும் அயல்நாடு சொந்த நாடாகிறது.

தைப்பூசத்தை ஒட்டி மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் தேர் பத்துமலையை அடையும். காவடியும் பால்குடமும் ஏந்தித் தோட்டத்து மக்கள் திரள்வர். வழிபாடு முடிந்ததும் குன்றின் அடியில் வேறொரு கூட்டம் தொடங்கும். ஓராண்டுக் காலம் பிரிந்திருந்த உறவினர் ஒருவரையொருவர் காண்பர். ஊரில் மழை பெய்ததா, தாய் நலமா என்று புதிதாய் வந்தவரை வினவுவர். மகளுக்கு மணமகன் பேசுவர். கூலியையும் கங்காணியையும் பற்றிய குறைகளைக் கலந்துரைப்பர். தோட்டத்தில் ஆள் கணக்காயிருந்தவர் அங்கே மாமனாகவும் மைத்துனனாகவும் அக்காளாகவும் தங்கையாகவும் ஆனார். அதுவே பிள்ளையவர்கள் செய்த அறத்தின் பெரும்பயன்.

மக்கள் கூடுமிடத்திற் கருத்து வேற்றுமையும் தோன்றும். 1932-இற் சிங்கப்பூரில் அமைந்த தமிழர் சீர்திருத்தச் சங்கத்தார் அலகு குத்திக் காவடி எடுத்தலைக் கண்டித்தனர். நேர்ந்துகொண்ட அன்பரோ வேலவனுக்குச் செலுத்தும் கடனை விடுவதற்கில்லை என்றிருந்தனர். இவ்விவாதம் சங்கங்களிலும் இதழ்களிலும் நெடுநாள் நடந்தது. தம் சமயத்தையும் சமுதாயத்தையும் பற்றித் தம் மொழியிலேயே வாதிடும் மக்கள் அழிந்துபோகும் மக்களல்லர்.

பிள்ளையவர்கள் 1902-இல், ஐம்பத்திரண்டாம் அகவையளவிற் சிங்கப்பூரில் இறைவனடி சேர்ந்தார். அதன் பின்னரே அவருடைய கொடைக்கு உண்மையான சோதனை வந்தது. மாரியம்மன் கோயில் குடும்பத்தார் பொறுப்பிலேயே இருந்துவந்தது. ஆனால் அங்கே மொய்த்த மக்களோ அதனைத் தங்கள் கோயிலாகவே கருதினர். ஒரு குடும்பத்தின் அறமா, ஓர் இனத்தின் உடைமையா என்னும் வினா எழுந்தது. 1920-களின் பிற்பகுதியில் அது பொதுமக்களின் கோயிலாகத் திறக்கப்பெற்று, பின்னர் நிருவாகமும் அறங்காவலர் குழுவினரிடம் சேர்ந்தது. தனியொருவர் கையிலிருந்து விடுபட்ட கோயில் தளர்ந்துவிடவில்லை. பின்னர்த் திருப்பணி நடைபெற்றுப் புதுக்கோயிலும் ஐந்நிலை இராசகோபுரமும் எழுந்தன.

பத்துமலையும் அவ்வாறே வளர்ந்தது. 1920-இல் மரப்படிகள் அமைந்தன. அவை பின்னர் 272 காரைப்படிகளாயின. 2006-இல் தமிழ்நாட்டுச் சிற்பியரின் கைவண்ணத்தில் 140 அடி உயர முருகன் திருவுருவம் அடிவாரத்தில் எழுந்தது. அதனினும் உயர்ந்த 146 அடித் திருவுருவம் 2022-இற் சேலம் மாவட்டத்துப் புத்திரகவுண்டன்பாளையத்தில் குடமுழுக்குக் கண்டது. தமிழகத்திலிருந்து கடல் கடந்த பக்தி, மலாய் மண்ணில் வளர்ந்து, தமிழகத்திற்கே எடுத்துக்காட்டாய்த் திரும்பிவந்த வரலாறு இது.

திருக்கோயிலுக்குப் பொருளீந்தோர் பெயர் கல்லிற் பொறிக்கப்பெறுவது வழக்கம். தம்புசாமிப் பிள்ளையின் பெயர் கோலாலம்பூரில் ஒரு தெருவுக்கும் வழங்குகிறது. ஆயினும் தைப்பூசத்தன்று 272 படிகளையும் ஏறும் இலட்சக்கணக்கான அன்பருட் பலர் அப்பெயரை அறியார். அறியாமலே அவர் வகுத்த வழியில் நடக்கின்றனர். கொடுத்தவர் கையை விட்டு நீங்கி, கொடுத்தவர் பெயரையும் மறந்து, எல்லார்க்கும் உரியதாகும்போதுதான் அறம் நிறைவெய்துகிறது. பிறந்த ஊரிலிருந்து தொலைவில் வாழ்ந்தும் ஊர்க்கோயிலின் திருப்பணிக்கு மனமுவந்து ஈயும் அன்பர்க்கு அவருடைய வாழ்வு நல்வழி காட்டும். குடமுழுக்கின் புனித நீர் கொடுத்தவர், கொடாதவர் என்று பாராமல் எல்லார் தலைமேலும் தெளிக்கப்படுகின்றது. குன்றுதோறாடும் குமரன் திருவருள் ஊரில் வாழ்வோர்க்கும் ஊர்விட்டுச் சென்றோர்க்கும் ஒருங்கே பெருகுவதாக.