லாண்டாவும் உருகும் தளமும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

பனிக்கட்டி உருகுவதை யாவரும் அறிவோம். ஓரணுத் தடிப்பே உள்ள தளம் எவ்வாறு உருகும்? இவ்வினாவைத் தொடர்ந்து சென்ற நான் ரஷ்ய அறிஞர் லெவ் லாண்டாவிடம் வந்து சேர்ந்தேன்.

1908-இல் பாகூ நகரில் பிறந்த அவர், 14 வயதிலேயே பல்கலைக்கழகம் புகுந்தார். தளப் படிகத்தில் அணுக்களின் ஒழுங்கு நெடுந்தொலைவு நிலைக்காது, வெப்ப அசைவே அதைக் குலைத்துவிடும் என்று 1937-இல் காட்டினார். பயர்ல்சும் முன்னரே இம்முடிவுக்கு வந்திருந்தார். அப்படியாயின், உருகுவதற்கு அங்கே திடப்பொருளே இல்லையா?

மறு ஆண்டே ஸ்டாலின் ஆட்சி லாண்டாவைச் சிறையிலடைத்தது. ஓராண்டுக்குப் பின், கபீட்சா அளித்த பிணையால் மீண்டார். திரவ ஹீலியம் உராய்வின்றி ஓடுவதை விளக்கியவருக்கு 1962-இல் நோபல் பரிசு கிடைத்தபோது, கார் விபத்துக்குள்ளாகி மருத்துவமனையில் கிடந்தார். அதே ஆண்டில் ஆல்டரும் வெயின்ரைட்டும் கணிப்பொறியில் 870 வட்டத் தகடுகளை மோதவிட்டு, தளத்திலும் நிலைமாற்றம் உண்டெனக் கண்டனர். 1968-இல் லாண்டாவ் மறைந்தார்.

1973-இல் காஸ்டர்லிட்சும் தவ்லசும் முடிச்சை அவிழ்த்தனர். தொலைவில் ஒழுங்கு மெல்லத் தேய்ந்தாலும் தளம் திடமாகவே நிற்கும். படிக வரிசையின் பிசகுகள் இணைபிரியும்போதே உருகும். லாண்டாவின் கணக்கும் பொய்க்கவில்லை, கணிப்பொறியும் பொய்க்கவில்லை! பத்து லட்சம் தகடுகளைக் கொண்டு 2011-இல் நடந்த கணிப்போ, இடையே திசையொழுங்கு மட்டும் எஞ்சிய மூன்றாம் நிலையையும் உறுதி செய்தது.

தம்மிடம் பயில வந்தோர்க்கு லாண்டாவ் கடுந்தேர்வு வைத்தார். 43 பேரே தேறினர். ஆயினும் அவர் கதவைத் தட்டும் உரிமை எவர்க்கும் இருந்தது. குடும்பத்தின் முதற் பட்டதாரியாகப் போகும் எனக்கு, அவர் வாழ்வில் மிகப் பிடித்தது அந்தக் கதவே.