ஆல்பர்ட் கால்மெட்

ஆல்பர்ட் கால்மெட் (சூலை 12, 1863 – அக்டோபர் 29, 1933) ஒரு பிரெஞ்சு மருத்துவரும் நுண்ணுயிரியலாளரும் ஆவார். கால்நடை மருத்துவரான கமீல் கெரென் என்பவருடன் இணைந்து காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பு மருந்தை உருவாக்கியவர். பாம்புக்கடிக்கான நச்சுமுறி மருந்தை உருவாக்கிய முன்னோடிகளுள் ஒருவராகவும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

கால்மெட் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்தார். கடற்படை மருத்துவராகப் பணியைத் தொடங்கினார். 1891 இல் சைகோன் நகரில் பாஸ்டர் நிறுவனத்தின் கிளையை நிறுவினார். அங்கு நாகப்பாம்பின் நஞ்சை ஆராயத் தொடங்கினார். 1895 முதல் 1919 வரை லீல் நகரப் பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். ஆலைகள் மிகுந்த அந்நகரில் தொழிலாளரிடையே காசநோய் பரவலாக இருந்தது. 1901 இல் அவர்களுக்கென ஒரு காசநோய் மருந்தகத்தைத் தொடங்கினார். அதன் பணியாளர்கள் நோயாளிகளின் வீடுகளுக்கும் சென்று நோய் பரவாமல் தடுக்கும் வழிகளைக் கற்பித்தனர்.

பி.சி.ஜி.

காசநோய்க் கிருமியை 1882 இல் இராபர்ட் கோக் கண்டறிந்தார். ஆயினும் 1890 இல் அவர் அறிவித்த டியூபர்குலின் நோயைக் குணப்படுத்தவில்லை. கால்மெட்டும் கெரெனும் நோய் வருமுன் காக்கும் வழியைத் தேடினர். மாடுகளைத் தாக்கும் காசநோய்க் கிருமியை, மாட்டின் பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கு ஊடகத்தில் வளர்த்தபோது அதன் வீரியம் குறைவதை அறிந்தனர். 1908 முதல் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கிருமியைப் புதிய ஊடகத்திற்கு மாற்றி வந்தனர். முதல் உலகப் போரில் லீல் நகரம் செருமானியப் படைகளின் பிடியில் இருந்த போதும் இப்பணி நிற்கவில்லை. 13 ஆண்டுகளில் சுமார் 230 முறை மாற்றப்பட்ட அக்கிருமி, விலங்குகளில் நோயை உண்டாக்கும் திறனை இழந்தது. பாசில் கால்மெட்-கெரென் என்பதன் சுருக்கமே பி.சி.ஜி. ஆகும்.

1921 இல் பாரிசு நகரில் பிறந்த ஒரு குழந்தைக்கு இம்மருந்து முதன்முதலாக வாய்வழியே கொடுக்கப்பட்டது. தாய் காசநோயால் இறந்திருந்த போதிலும் அக்குழந்தையை நோய் தாக்கவில்லை. 1928 க்குள் பிரான்சில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் இதனைப் பெற்றனர்.

லூபெக் நிகழ்வு

1930 இல் செருமனியின் லூபெக் நகரில் இம்மருந்து கொடுக்கப்பட்ட சுமார் 250 குழந்தைகளுள் 72 பேர் காசநோயால் இறந்தனர். கால்மெட் கடும் கண்டனத்துக்கு உள்ளானார். அந்நகர ஆய்வகத்தில் மருந்து தயாரிக்கப்பட்டபோது வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டதே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. 1932 இல் தொடர்புடைய மருத்துவர் இருவர் தண்டிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு கால்மெட் பாரிசில் காலமானார்.

தாக்கம்

இந்தியாவில் 1948 இல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வகம் தொடங்கப்பட்டது. குழந்தைகளைத் தாக்கும் காசநோய் மூளையுறை அழற்சி போன்ற கொடிய வகைகளை இத்தடுப்பூசி பெருமளவு தடுக்கிறது. தொழுநோய்க்கு எதிராகவும் ஓரளவு பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் 1968 இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரும் கள ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இது தடுக்கவில்லை எனக் காட்டியது. நோயைப் பரப்புவோர் பெரும்பாலும் இவர்களே. ஆகவே தடுப்பூசியால் மட்டும் காசநோயை ஒழிக்க இயலவில்லை. நோயாளிகளைத் தேடிக் கண்டறிந்து முழுமையாகச் சிகிச்சையளிப்பதே கட்டுப்பாட்டின் அடிப்படையாக உள்ளது. நோயாளிகளின் இல்லம் தேடிச் சென்ற கால்மெட்டின் லீல் மருந்தகம் இவ்வகைப் பணிக்கு ஒரு முன்னோடியாகும்.