எர்னஸ்டோ மிராண்டா: 'வக்கீல் வேணும்' என்று கேட்கும் உரிமைக்குப் பெயர் தந்த குற்றவாளி!

ஹாலிவுட் படங்களில் இந்தக் காட்சியை அடிக்கடி பார்த்திருப்போம். போலீஸ் ஒருவரைப் பிடித்து, கையைப் பின்னால் மடக்கி விலங்கு மாட்டும். மாட்டும்போதே நாலு வரி ஒப்பிக்கும். நீ பேச வேண்டிய கட்டாயம் இல்லை, பேசினால் அது கோர்ட்டில் உனக்கு எதிராகப் போகலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம், காசு இல்லை என்றால் அரசாங்கமே வைத்துத் தரும் என்பதுதான் அதன் சாரம்.

இந்த நாலு வரிக்கு அமெரிக்காவில் 'மிராண்டா எச்சரிக்கை' என்று பெயர். மிராண்டா என்பவர் நீதிபதியோ, வக்கீலோ, போராளியோ கிடையாது. பாலியல் வன்கொடுமை வழக்கில் இரண்டு முறை குற்றவாளி என்று தீர்ப்பு வாங்கியவர். அப்படிப்பட்ட ஒருவரின் பெயரை ஒரு நாடே தன் அடிப்படை உரிமைக்கு ஏன் வைத்தது?

யார் இந்த மிராண்டா?

எர்னஸ்டோ மிராண்டா, 1941 மார்ச் 9-ம் தேதி அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் மெசா நகரில் பிறந்தார். அப்பா மெக்சிகோவில் இருந்து வந்து குடியேறிய பெயின்டர். மிராண்டா சின்னப் பையனாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். அப்பா மறுமணம் செய்துகொண்டார். அதன் பிறகு மகனுக்கும் வீட்டுக்கும் ஒட்டவே இல்லை.

எட்டாம் வகுப்பு படிக்கும்போதே முதல் வழக்கு. அதோடு படிப்பும் முடிந்தது. திருட்டு, சீர்திருத்தப் பள்ளி, வெளியே வந்ததும் மறுபடி திருட்டு, மறுபடி சீர்திருத்தப் பள்ளி என்று ஓடின வருடங்கள். ராணுவத்தில் சேர்ந்தார். அங்கேயும் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல்போனார், அடுத்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்து மாட்டினார். ராணுவம் வெளியே அனுப்பிவிட்டது. பிறகு, திருட்டு கார் வழக்கில் மத்திய சிறைவாசம்.

வெளியே வந்தவர் குழந்தைகளோடு இருந்த ஒரு பெண்ணுடன் சேர்ந்து வாழ ஆரம்பித்தார். இவர்களுக்கும் ஒரு மகள் பிறந்தாள். ஃபீனிக்ஸ் நகரில் காய்கறி, பழம் கையாளும் கம்பெனி ஒன்றில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. வாழ்க்கை ஓரளவு நிதானத்துக்கு வந்தது போலத் தெரிந்தது.

அந்த இரண்டு மணி நேரம்

1963 மார்ச் தொடக்கத்தில், ஃபீனிக்ஸில் வேலை முடிந்து இரவு வீடு திரும்பிக்கொண்டிருந்த 18 வயதுப் பெண் கடத்தப்பட்டு, பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். சில நாள் கழித்து, அந்தப் பகுதியில் சந்தேகப்படும்படி சுற்றிய பழைய பேக்கார்டு கார் ஒன்றை அவருடைய உறவினர் பார்த்தார். பதிவு எண்ணை அரைகுறையாகக் குறித்துக்கொண்டார். அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ், மார்ச் 13-ம் தேதி மிராண்டாவின் வீட்டுக் கதவைத் தட்டியது.

ஸ்டேஷனில் அடையாள அணிவகுப்பு நடந்தது. நாலு பேரை நிறுத்தினார்கள். இவர்தான் என்று அந்தப் பெண்ணால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால், முடிவு என்ன ஆச்சு என்று மிராண்டா கேட்டபோது, உன்னை அடையாளம் காட்டிவிட்டார்கள் என்கிற மாதிரி பதில் வந்தது. ஆள் உடைந்துபோனார்.

விசாரணை அறைக்குள் இரண்டு துப்பறிவாளர்களும் மிராண்டாவும் மட்டும். சுமார் இரண்டு மணி நேரம் கழித்துக் கையெழுத்து போட்ட ஒப்புதல் வாக்குமூலம் வெளியே வந்தது. அடித்ததாகவோ, பட்டினி போட்டதாகவோ பெரிய புகார் எதுவும் இல்லை. இந்த வழக்கின் முக்கியத்துவமே இதில்தான் இருக்கிறது. அடி உதை நடந்திருந்தால் அது பழைய சட்டத்திலேயே அடிபட்டுப் போயிருக்கும். இங்கே கேள்வி வேறு. பூட்டிய அறையில் தனியாக உட்காரவைத்துக் கேட்பதே ஒரு நெருக்கடி இல்லையா?

இன்னொரு விஷயம். வாக்குமூலத் தாளின் மேல்பகுதியில் ஒரு பத்தி முன்கூட்டியே அச்சடிக்கப்பட்டிருந்தது. என் சட்ட உரிமைகளை முழுமையாகத் தெரிந்துகொண்டு, சுயவிருப்பத்தோடு இதைக் கொடுக்கிறேன் என்பது அதன் பொருள். ஆனால், பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று அவரிடம் யாரும் எடுத்துச் சொல்லவே இல்லை. எட்டாவதோடு நின்றவர் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டார்.

73 வயது வக்கீலின் ஒரு கேள்வி

மிராண்டாவிடம் காசு இல்லை. கோர்ட் நியமித்த வக்கீல் ஆல்வின் மூர். வயது 73. கிடைத்த ஃபீஸ் 100 டாலர். ஆனால், குறுக்கு விசாரணையில் அவர் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டார். வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை பற்றி இவரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்பது பதிவானது. வாக்குமூலத்தை ஏற்கக் கூடாது என்று மூர் ஆட்சேபித்தார். நீதிபதி ஏற்கவில்லை. 20 முதல் 30 ஆண்டு சிறைத் தண்டனை விழுந்தது. 1965-ல் அரிசோனா உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அதே காலகட்டத்தில் டெல்லி மாதிரி வாஷிங்டனில் இருக்கும் மத்திய உச்ச நீதிமன்றத்தில் காற்று வேறு பக்கம் வீசிக்கொண்டிருந்தது. மிராண்டா கைதாகி ஐந்தே நாளில், 1963 மார்ச் 18 அன்று, கிடியன் வழக்கின் தீர்ப்பு வந்தது. கடுமையான குற்ற வழக்குகளில் ஏழைக்கும் அரசு செலவில் வக்கீல் தர வேண்டும் என்றது அது. ஆனால், அது கோர்ட் படி ஏறிய பிறகு கிடைக்கும் வக்கீல். ஸ்டேஷனிலேயே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தவனுக்கு, கோர்ட்டில் வரும் வக்கீல் என்ன செய்ய முடியும்? 1964-ல் வந்த எஸ்கோபிடோ தீர்ப்பு, விசாரணை அறையில் வக்கீலைக் கேட்டும் மறுக்கப்பட்டவருக்குச் சாதகமாக அமைந்தது. கேட்கவே தெரியாதவனுக்கு? அந்த இடம் காலியாகவே இருந்தது.

அந்த இடத்தில்தான் மிராண்டா வழக்கு வந்து பொருந்தியது. சிவில் உரிமை அமைப்பைச் சேர்ந்த வக்கீல் ராபர்ட் கார்கோரன் இதைக் கவனித்தார். ஃபீனிக்ஸின் பிரபல வக்கீல்கள் ஜான் ஃப்ளின், ஜான் ஃபிராங்க் இருவரும் கட்டணம் வாங்காமல் மேல்முறையீட்டை எடுத்தார்கள். வசதியும் படிப்பும் உள்ளவருக்குத் தன் உரிமை தெரியும், அவர் போனை எடுத்து வக்கீலைக் கூப்பிட்டுவிடுவார், இல்லாதவருக்கு யார் சொல்வது என்பதுதான் ஃப்ளின் வாதத்தின் அடிநாதம்.

1966 ஜூன் 13

தீர்ப்பு 5-க்கு 4. தலைமை நீதிபதி எர்ல் வாரன் எழுதினார். மிராண்டாவோடு சேர்த்து வேறு மூன்று வழக்குகளுக்கும் இதுவே தீர்ப்பு. போலீஸ் காவலில் இருப்பவரிடம் கேள்வி கேட்பதற்கு முன்பு நான்கு விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும் என்றது கோர்ட்:

* பேசாமல் இருக்க உரிமை உண்டு.
* பேசினால் அது வழக்கில் எதிராகப் பயன்படுத்தப்படலாம்.
* விசாரணைக்கு முன்பும், விசாரணை நடக்கும்போதும் வக்கீல் உடன் இருக்கலாம்.
* வசதி இல்லாவிட்டால் வக்கீல் நியமித்துத் தரப்படும்.

வக்கீல் வேண்டும் என்று அவர் கேட்டுவிட்டால், வக்கீல் வரும்வரை விசாரணையை நிறுத்த வேண்டும். சொல்லாமல் வாங்கிய வாக்குமூலத்தை அரசு தரப்பு தன் ஆதாரமாக வைக்க முடியாது.

எதிர்ப்பு பலமாக இருந்தது. குற்றவாளிகள் தப்பிப்பார்கள், போலீஸின் கை கட்டப்படும் என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதிகளே சொன்னார்கள். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு என்ன பதில் என்று கேட்டவர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எஃப்.பி.ஐ. ஏற்கெனவே இதுபோன்ற எச்சரிக்கையைச் சொல்லிக்கொண்டுதானே குற்றவாளிகளைப் பிடிக்கிறது என்பதை வாரன் தன் தீர்ப்பில் சுட்டிக்காட்டினார்.

மிராண்டா விடுதலை ஆனாரா?

பலரும் ஆனார் என்றுதான் நினைக்கிறார்கள். ஆகவில்லை. வேறொரு வழிப்பறி வழக்கிலும் தண்டனை இருந்ததால் சிறையிலேயே இருந்தார். 1967-ல் அந்த வாக்குமூலம் இல்லாமலேயே மறுவிசாரணை நடந்தது. அவரோடு வாழ்ந்த பெண்ணே சாட்சிக் கூண்டில் ஏறினார். சிறையில் பார்க்கப் போனபோது தன்னிடம் மிராண்டா குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று சொன்னார். ஜூரிகள் மறுபடியும் குற்றவாளி என்றார்கள். அதே 20 முதல் 30 ஆண்டு.

அதாவது, வக்கீல் உரிமை கொடுத்ததால் அந்தப் பெண்ணுக்கு நீதி கிடைக்காமல் போகவில்லை. போலீஸ் வேறு ஆதாரம் தேட வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

1972 டிசம்பரில் பரோலில் வந்தார். அதற்குள் அவர் பெயர் போலீஸ்காரர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் சின்ன அட்டையில் ஏறியிருந்தது. எச்சரிக்கை அச்சிட்ட அந்த அட்டைகளில் கையெழுத்து போட்டு, ஒன்று ஒன்றரை டாலருக்கு விற்றார். பரோல் விதியை மீறியதால் மறுபடி கொஞ்ச காலம் சிறை.

1976 ஜனவரி 31. ஃபீனிக்ஸில் ஒரு மதுக்கடை. சீட்டாட்டத்தில் சில்லறைக் காசுக்காகச் சண்டை. கத்திக்குத்து. 34 வயதில் செத்துப்போனார் மிராண்டா. சந்தேகத்தின் பேரில் பிடிபட்டவருக்கு போலீஸ் முறைப்படி மிராண்டா எச்சரிக்கையை வாசித்துக் காட்டியது. இந்தக் கொலைக்காகக் கடைசிவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

நம்ம ஊரில் எப்படி?

போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகச் செல்லாது என்பது இந்தியாவில் 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டக் காலத்திலிருந்தே உண்டு. ஆனாலும் விசாரணை அறைக்குள் வக்கீல் வரலாமா என்பது கேள்வியாகவே இருந்தது. 1978-ல் ஒடிசா முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி வழக்கில், நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர் மிராண்டா தீர்ப்பை எடுத்து வைத்துப் பேசினார். விசாரிக்கப்படுபவர் வக்கீலைக் கேட்டால் மறுக்கக் கூடாது என்றார். ஆனால், போலீஸே வக்கீலை ஏற்பாடு செய்து தர வேண்டும் என்கிற அளவுக்கு அவர் போகவில்லை.

கைதானவர் தனக்கு விருப்பமான வக்கீலைக் கலந்தாலோசிக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு தருகிறது. இப்போது அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 38-வது பிரிவின்படி, விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். ஆனால், விசாரணை முழுக்க அவர் கூடவே இருக்க முடியாது. பல வழக்குகளில் பார்வைக்கு எட்டும் தூரத்தில், பேச்சு காதில் விழாத தூரத்தில் வக்கீலை உட்காரவைக்க கோர்ட் அனுமதித்திருக்கிறது.

அமெரிக்காவிலும் இந்த உரிமை வாயைத் திறந்து கேட்டால்தான் முழுசாக வேலை செய்யும். சும்மா மௌனமாக இருந்தால் மட்டும் அந்த உரிமையைக் கோரியதாக ஆகாது என்று 2010-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம்ம ஊரிலும் அதே கதைதான். உங்களையோ, உங்கள் வீட்டில் ஒருவரையோ விசாரணைக்கு அழைத்துப் போனால், வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். முடிந்தால் எழுதியே கொடுங்கள். குற்றம் செய்தவர்தான் வக்கீல் கேட்பார் என்பது தவறான எண்ணம். வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து போட்டுவிடும் பயம், எந்தத் தப்பும் செய்யாதவருக்கும் வரும்.