பொம்மையை வைத்துப் பாடம் நடத்திய வைத்தியர் செவாலியர் ஜாக்சன்

லுணுகலையில் ஒரு தோட்ட லயத்தில் கச்சான் தின்றுகொண்டிருந்த இரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரையேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கச்சான் துண்டு மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால், தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பசறை வழியாகப் பதுளைக்கு ஓட வேண்டும். அங்கே கருவி இருந்தால் மட்டும் போதாது. அதைப் பிடிக்கப் பழகிய கையும் வேண்டும். அப்படிப்பட்ட கைகளை உருவாக்குவதிலேயே தன் வாழ்நாளைச் செலவிட்டவர் அமெரிக்க வைத்தியர் செவாலியர் ஜாக்சன்.

1865இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்த ஜாக்சன், நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வளர்ந்த மெலிந்த சிறுவன். கூடப் படித்த பிள்ளைகள் அவரைக் கொடுமைப்படுத்தினார்கள். 1886இல் பிலடெல்பியாவில் வைத்தியரானார்.

உணவுக்குழாயைப் பார்ப்பதற்கு அவர் முதலில் செய்த கருவி, பயிற்சியில்லாத வேறு வைத்தியர்களின் கைகளில் தீங்கு விளைவித்தது. கற்பிக்காமல் கருவியைக் கொடுக்கக்கூடாது என்பதை அவர் அன்றே உணர்ந்தார்.

1897இல் ஜெர்மனியின் குஸ்தாவ் கில்லியன், மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செலுத்தி எலும்புத் துண்டொன்றை எடுத்தார். ஜாக்சன் அந்தக் குழாயின் நுனியில் சிறு மின்விளக்கைப் பொருத்தினார். மிஷெல் என்ற பொம்மையை வைத்து மாணவர்களைப் பழக்கினார். பிள்ளை விழுங்கிய பொருளைப் போன்ற இன்னொன்றை எடுத்து முதலில் ஒத்திகை பார்ப்பது அவர் வழக்கம். காசநோய் அவரைப் பலமுறை படுக்கையில் தள்ளியது. படுத்தபடியே பாடநூல் எழுதினார்.

வீடுகளில் துப்புரவுக்கு வைத்திருந்த காரத்தைக் குடித்துத் தொண்டை வெந்த ஏழைப் பிள்ளைகளையும் அவர் பார்த்தார். அத்தகைய போத்தல்களில் எச்சரிக்கை அச்சிட வேண்டுமென்று பல ஆண்டுகள் போராடினார். 1927இல் அது சட்டமானது. 1958இல் அவர் காலமானார். அவர் வெளியே எடுத்த காசு, பொத்தான், ஆணி என இரண்டாயிரத்துக்கும் அதிகமான பொருட்கள் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஜாக்சன் காலத்தில் குழாய்க்குள் ஒரு கண் மட்டுமே பார்க்க முடிந்தது. குரு கண்டது மாணவனுக்குத் தெரியாது. 1966இல் ஜப்பானின் ஷிகேதோ இகேடா வளையும் கருவியைக் கொண்டுவந்தார். இன்று உட்புறம் திரையில் எல்லோருக்கும் தெரிகிறது. மிஷெலின் இடத்துக்குக் கணினிப் பயிற்சிக் கருவிகள் வந்துவிட்டன. மாணவரின் கை எங்கே இடித்தது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று அவை கணக்கிடுகின்றன.

முதல் தவறு பொம்மையோடு போகட்டும், பிள்ளையின் உயிரில் வேண்டாம் என்பதே அவர் விட்டுச்சென்ற பாடம். பெரிய நகரங்களின் வைத்தியர்களுக்குக் கிடைக்கும் அந்தப் பயிற்சி, மலையகப் பிள்ளைகளைப் பார்க்கும் வைத்தியர்களுக்கும் கிடைக்க வேண்டும். அதுவரை சின்னப் பிள்ளைகளின் கையில் கச்சான் கொடுக்காதிருப்போம்.