உபயம் எழுதிய ஜாடிகளுக்கு வயது கண்ட பம்பாய்க்காரர்

காலாகோடாவில் உள்ள டேவிட் சசூன் வாசகசாலையைப் பார்க்காத பம்பாய்த் தமிழர் குறைவு. கொலாபாவின் சசூன் டாக்கை அறியாதவர் அதைவிடக் குறைவு. அந்தப் பெயரை முன்பின்னாக மாற்றிப் போட்டால் சசூன் டேவிட் என்று வரும். இவர் வேறு மனிதர். பாக்தாத் யூத வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நூல் வியாபாரத்திலும் சீன வர்த்தகத்திலும் பெரும் பொருள் ஈட்டியவர். 1906-ல் பம்பாயில் தொடங்கப்பட்ட பாங்க் ஆப் இந்தியாவின் முதல் தலைவர். 1911-ல் பிரிட்டிஷ் அரசு இவருக்கு 'பாரனெட்' பட்டம் அளித்தது.

இந்த சசூன் டேவிட்டின் மகன்தான் பெர்சிவல் டேவிட். 1892 ஜூலை 21-ம் தேதி பம்பாயில் பிறந்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியிலும் பம்பாய் சர்வகலாசாலையிலும் படித்துத் தேறினார். தந்தை சேர்த்தது பணம். மகன் சேர்த்தது சீனப் பீங்கான். 1926-ல் தந்தை காலமானதும் பட்டமும் கம்பெனிப் பொறுப்பும் மகனுக்கு வந்தன. ஆனால் அதற்கு முன்பே, 1914 வாக்கில், இருபத்திரண்டு வயதிலேயே லண்டனில் கிண்ணமும் ஜாடியும் வாங்கத் தொடங்கிவிட்டார்.

பணக்காரர்கள் பீங்கான் வாங்குவது அன்று புதிதல்ல. வரவேற்பு அறையில் அலங்காரமாக வைப்பதற்கென்றே வாங்கினார்கள். கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும். கடைக்காரர் சொன்ன வயதே வயது. டேவிட்டுக்கு அது போதவில்லை. கிண்ணத்தைக் கையில் எடுத்தால் முதலில் கவிழ்த்துப் பார்ப்பவர் அவர்.

ஏன் கவிழ்க்க வேண்டும்? பீங்கானின் ஜாதகம் அதன் அடிப்பாகத்தில் இருக்கிறது. மேலே மெருகு பூசி மண்ணை மறைத்துவிடலாம். அடி வளையத்தில் பெரும்பாலும் மெருகு இருக்காது. அங்கே மண்ணின் நிறம் தெரியும், திரிகையில் சீவிய கோடு தெரியும், சூளையில் பட்ட சூடு தெரியும். நடுவில் சக்கரவர்த்தியின் ஆட்சிப் பெயர் நான்கு அல்லது ஆறு எழுத்துக்களில் இருக்கும். ஆனால் இந்த எழுத்துக்களை அப்படியே நம்பினால் மோசம்தான். ஜிங்தெஜென் நகரத்துக் குயவர்கள் தங்களுக்கு இருநூறு ஆண்டு முந்திய மன்னரின் பெயரையும் எழுதுவார்கள். சிலர் முன்னோர்மீது வைத்த மரியாதைக்காக எழுதினார்கள், சிலர் ஏமாற்ற எழுதினார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்!

எனவே கை சொல்வதைப் பழைய நூல்களோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சீன மொழி வேண்டும். டேவிட் சீன மொழி கற்றார். கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை, ஆயிரக்கணக்கான எழுத்துக்களைக் கொண்ட பாஷையைப் பீங்கானுக்காகப் படித்தார் என்பது சாதாரண விஷயமல்ல.

1920-களில் அவர் சீனா சென்றார். சக்கரவர்த்திகளின் ஆட்சி முடிந்து, பீகிங் அரண்மனை 1925-ல் பொருட்காட்சிசாலையாகிவிட்டிருந்தது. அங்கே இருந்த பொருள்களைக் காட்சிக்கு ஒழுங்குபடுத்தும் வேலைக்கு அவர் உதவினார். 18-ம் நூற்றாண்டின் சியென்லுங் சக்கரவர்த்தி பெரிய பீங்கான் பித்தர். தமக்குப் பிடித்த பழைய கிண்ணங்களின்மீது தாம் இயற்றிய கவிதைகளையே செதுக்கச் செய்தவர். அவர்கூட சில கிண்ணங்களை எந்தச் சூளையில் செய்தது என்று தவறாகக் கணித்திருக்கிறார். மன்னர் சொன்னார் என்பதற்காக அதை மறுத்துச் சொல்ல யார் துணிவார்கள்!

1927-ல் டேவிட்டுக்குப் பெரும் வாய்ப்பு வந்தது. பீகிங்கில் ஒரு பாங்கில் அடகாக இருந்த அரண்மனைப் பீங்கான்கள் விற்பனைக்கு வந்தன. 1901-ல் சிக்சி பேரரசியார் அடகு வைத்தவை என்று சொல்லப்பட்டது. டேவிட் அவற்றில் பலவற்றை வாங்கி லண்டன் சேர்த்தார். சட்டப்படி அது கிரயம்தான். ஆனாலும் ஒரு நாடு உள்நாட்டுக் குழப்பத்தில் தள்ளாடும் வேளையில் அதன் அரண்மனைச் சொத்து கடல் கடந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. சீனர்கள் பலருக்கு இன்றும் அந்த வருத்தம் உண்டு.

அந்த வருத்தம் 1935-ல் வெளிப்படையாகவே எழுந்தது. லண்டன் ராயல் அகாடமியில் சீனக் கலைக்கென ஒரு சர்வதேசக் கண்காட்சி நடத்த டேவிட் முன்னின்று ஏற்பாடு செய்தார். சீன அரசு தன் அரண்மனைப் பொருள்களை இரவல் தர இசைந்தது. போனது திரும்பி வருமா என்று சீன அறிஞர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பொருள்கள் ஷாங்காயிலிருந்து 'சப்போக்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் வந்தன. 1935 நவம்பரிலிருந்து 1936 மார்ச் வரை நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். திரும்பும்போது, சரக்கை ஏற்றிய 'ரான்புரா' கப்பல் ஜிப்ரால்டர் அருகே தரைதட்டி நின்றுவிட்டது. எதிர்த்தவர்களுக்கு அன்று என்ன தோன்றியிருக்கும்! நல்லவேளையாகக் கப்பல் மீட்கப்பட்டது. பொருள்கள் சீனா போய்ச் சேர்ந்தன.

அதே காலத்தில்தான் டேவிட்டின் பெயரை நிலைக்கச் செய்த காரியமும் நடந்தது.

வெள்ளைப் பீங்கானில் நீல ஓவியம் தீட்டும் கலை மிங் மரபினர் காலத்தில்தான், அதாவது 1368-க்குப் பிறகுதான், சிறந்தது என்று அக்காலத்து நிபுணர்கள் எண்ணியிருந்தார்கள். அந்தக் கணக்குக்குள் அடங்காத ஜாடிகள் இரண்டு இருந்தன. இரண்டடிக்குச் சற்று அதிகமான உயரம். கழுத்தின் இருபுறமும் யானைத்தலைப் பிடிகள். உடம்பைச் சுற்றி நீல நாகம். கழுத்தில் எழுத்துக்கள். நம் ஊர்க் கோயில்களில் டியூப் லைட்டின் வெளிச்சமே மறையும்படி உபயதாரர் பெயரை எழுதி வைப்பார்கள் அல்லவா? இதுவும் அதே சங்கதிதான். ஜாங் வென்ஜின் என்ற பக்தர், தம் ஊர், மாவட்டம் எல்லாம் விவரமாகச் சொல்லி, குடும்பம் காக்கப்படவும் பிள்ளைகள் சுகமாக இருக்கவும் வேண்டி, ஒரு சாம்பிராணிக் கலசமும் இரண்டு பூ ஜாடிகளும் கோயிலுக்குக் காணிக்கையாக வைத்ததாக எழுதியிருக்கிறார். நாளும் போட்டிருக்கிறார்: ஜிஜெங் ஆட்சியின் 11-ம் ஆண்டு, நான்காம் மாதம். நம் கணக்கில் 1351.

மிங் மரபு தோன்றுவதற்குப் பதினேழு ஆண்டு முன்பு! 1929-ல் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஹாப்சன் இந்த ஜோடியைப் பற்றி எழுதினார். ஆயினும் உலகம் உடனே விழித்துக்கொள்ளவில்லை. டேவிட் அதன் அருமையை உணர்ந்தார். ஜாடிகளில் ஒன்று மவுண்ட்ஸ்டுவர்ட் எல்பின்ஸ்டன் என்பவரிடம் இருந்தது. (டேவிட் படித்த கல்லூரிக்குப் பெயர் தந்த பம்பாய் கவர்னரும் மவுண்ட்ஸ்டுவர்ட் எல்பின்ஸ்டன்தான். அவர் நூறாண்டு முந்தியவர்; இவர் அதே பெயருள்ள சேகரிப்பாளர்.) அதை வாங்கினார். மற்றொன்று சார்லஸ் ரஸ்ஸல் என்பவருடையது. அது 1935-ல் ஏலத்துக்கு வந்தபோது எடுத்து, ஜோடியைச் சேர்த்தார்.

1950-களில் ஜான் போப் என்ற அமெரிக்க அறிஞர் இஸ்தான்புல் அரண்மனையிலும் ஈரானின் அர்தபில் ஆலயத்திலும் இருந்த நீலப் பீங்கான்களை இந்த ஜாடிகளோடு ஒப்பிட்டார். அலையின் வளைவு, இலையின் கூர், நாகத்தின் செதில் எல்லாம் பொருந்தின. ஆண்டு எழுதாத ஏராளமான பாத்திரங்களுக்கு ஒரே வீச்சில் வயது கிடைத்தது. 'டேவிட் ஜாடிகள்' என்றே இன்று உலகம் அவற்றை அழைக்கிறது. பிள்ளைகளின் நலத்துக்காக ஒரு பக்தர் போட்ட தேதி, பீங்கான் சரித்திரத்தையே திருத்தி எழுதிவிட்டது.

டேவிட் எழுதிய கட்டுரைகளில் 'ஜூ' பீங்கான் பற்றியது முக்கியம். சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் சீன அரசவைக்கென்று செய்த, வானத்து நீலம் போன்ற மெருகுள்ள பாத்திரங்கள் அவை. அடியில்கூட மெருகு பூசி, எள்ளளவு தழும்புகள் மட்டும் விழும்படி முட்களின்மேல் நிறுத்திச் சுட்டவை. உலகத்தில் மொத்தம் நூறு உருப்படி தேறினால் அதிகம். பழைய சீன நூல்களில் அவை பற்றி வரும் குறிப்புகளைத் திரட்டி அவர் ஆராய்ந்து எழுதினார். சூளை இருந்த இடம் 1980-களில்தான் ஹெனான் மாகாணத்தில் அகப்பட்டது. அப்போது அவர் இல்லை.

யுத்த காலத்தில் ஷாங்காயில் ஜப்பானியரிடம் அகப்பட்டுக் காவலில் இருந்தார். பின்னர் தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும் கொடிய நோய் பற்றியது. கிண்ணத்தைக் கையில் வாங்கி, கனம் பார்த்து, திருப்பிப் பார்த்தே வாழ்ந்த மனிதருக்கு அந்த நோய்! 1950-ல் தம் சேகரிப்பையும் நூலகத்தையும் லண்டன் சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டார். 1952-ல் கார்டன் சதுக்கத்தில் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. முதல் ஜாடியை விற்ற எல்பின்ஸ்டனும் தம்மிடமிருந்த சுமார் 170 ஒரு நிறப் பீங்கான்களை அங்கேயே கொடுத்தார்.

உடல் ஒத்துழைக்காவிட்டாலும் அவர் ஒரு வேலையை விடவில்லை. 1388-ல் காவ் ஜாவ் என்ற சீனர் எழுதிய, பழம்பொருள்களின் தரம் அறிவது எப்படி என்ற நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். வேடிக்கை என்னவென்றால், அந்த நூலில் நீல ஓவியப் பீங்கானுக்கு மதிப்பே இல்லை. மிகவும் மட்டமானது என்று காவ் ஜாவ் ஒதுக்கிவிடுகிறார். ஜாடிகள் செய்து 37 ஆண்டுகளே ஆன காலம் அது. அந்த வரியையும் டேவிட்தான் மொழிபெயர்த்தார்.

1964 அக்டோபரில் டேவிட் காலமானார். நூல் 1971-ல், அவர் மனைவி ஷீலா அம்மையாரின் முயற்சியால் வெளிவந்தது. கார்டன் சதுக்கத்துக் கட்டிடம் 2007-ல் மூடப்பட்டது. 2009 முதல் சேகரிப்பு பிரிட்டிஷ் மியூசியத்தில் காட்சிக்கு இருக்கிறது. 2024-ல் சுமார் 1,700 உருப்படிகளும் நிரந்தரக் கொடையாகவே அந்த மியூசியத்துக்கு அறிவிக்கப்பட்டன. இரண்டு ஜாடிகளும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஜாங் வென்ஜின் அவற்றோடு சேர்த்துக் காணிக்கை வைத்த சாம்பிராணிக் கலசம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.