27 வயதில் மறைந்த மோஸ்லி: செவ்வாய்ப் பாறையை அளக்க உதவும் விதி

செவ்வாயில் ஊர்ந்து செல்லும் நாசாவின் கியூரியோசிட்டி ஊர்தி, ஒரு பாறையில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு கால்சியம் இருக்கிறது என்று கணக்குச் சொல்கிறது. அதற்கு அடிப்படை போட்டவர் ஹென்றி மோஸ்லி. 27 வயதிலேயே போர்க்களத்தில் மாண்டவர்.

1887 நவம்பர் 23ஆம் தேதி இங்கிலாந்தின் வேமத் நகரில் பிறந்தார். 'சேலஞ்சர்' கப்பலில் கடலாய்வுக்குச் சென்ற அறிஞரான தந்தை, மகனுக்கு நான்கு வயது நிறையும் முன்பே காலமானார். தாயாரின் அரவணைப்பில் வளர்ந்த மோஸ்லி, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து 1910இல் மான்செஸ்டருக்குச் சென்று, ரதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அக்காலத்தில் தனிமங்களை எடையை வைத்தே வரிசைப்படுத்தினர். அதில் சிக்கல் இருந்தது. கோபால்ட், நிக்கலைவிடச் சற்றுக் கனமானது. ஆனால் அதன் குணத்தைப் பார்த்தால் நிக்கலுக்கு முன்னால்தான் வர வேண்டும். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை.

1913இல் மோஸ்லி ஒரு கருவி அமைத்தார். காற்று நீக்கிய குழாய்க்குள் சிறு வண்டி. அதில் வரிசையாக உலோகத் துண்டுகள். வண்டியைப் பட்டு நூலால் இழுத்து, ஒவ்வோர் உலோகமும் வெளியிடும் எக்ஸ்ரே கதிரைப் படம் பிடித்தார். அந்தக் கதிர்களின் அதிர்வெண், படிக்கட்டு போல ஒழுங்காக ஏறியது. வரிசையைத் தீர்மானிப்பது எடை அல்ல, அணு எண்ணே என்பது உறுதியானது. கோபால்ட் 27, நிக்கல் 28. சிக்கல் தீர்ந்தது. 43, 61, 75 ஆகிய இடங்கள் காலியாக இருப்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். மூன்றும் பின்னாளில் கண்டுபிடிக்கப்பட்டன.

1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது அவர் அறிவியல் மாநாட்டுக்காகத் தாயாருடன் ஆஸ்திரேலியா சென்றிருந்தார். நாடு திரும்பி, தாமாகவே ராணுவத்தில் சேர்ந்தார். 1915 ஆகஸ்ட் 10ஆம் தேதி, துருக்கியின் கலிப்போலியில், தொலைபேசியில் கட்டளை அனுப்பிக்கொண்டிருந்தபோது தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். இப்படிப்பட்ட அறிஞரைப் போர்முனையில் பலி கொடுத்ததை ரதர்ஃபோர்டு வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார்.

கியூரியோசிட்டியின் கருவியில் கியூரியம் என்ற கதிரியக்கப் பொருள் உள்ளது. அதன் கதிர் பட்டதும் பாறையிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ்ரே கதிரை வெளியிடும். கதிரின் ஆற்றல் எந்தத் தனிமம் என்று சொல்லும். அதன் எண்ணிக்கை எவ்வளவு என்று சொல்லும். சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தியும் 2023இல் நிலவு மண்ணை இம்முறையில்தான் ஆராய்ந்தது.

கடைத் தராசுக்குச் சரிபார்த்த எடைக்கல் தேவைப்படுவது போல, இக்கருவிக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். அதற்காகவே பூமியில் ஆராய்ந்து, உள்ளடக்கம் அறிந்த எரிமலைப் பாறைத் துண்டு ஒன்று ஊர்தியிலேயே பொருத்தி அனுப்பப்பட்டது. அவ்வப்போது அதை அளந்து, கருவி சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

போர்முனையில் எழுதிய உயிலில், தம் கருவிகளையும் பணத்தையும் அறிவியல் ஆய்வுக்கே மோஸ்லி விட்டுச் சென்றார். அவருக்கென்று தனிக் கல்லறை இல்லை. கலிப்போலியின் ஹெல்லஸ் நினைவுச் சின்னத்தில், ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு நடுவே அவர் பெயரும் இருக்கிறது.